வாடிய செடி தண்ணீர்தான் கேட்கிறதா?

(முன்னாள் மாணவர் சங்க மீள்சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், அரசியல் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், இருபது நிமிஷம் ஏதாவது உபயோகமா பேசுங்க" என்றார். இந்த இரண்டும் இல்லாமல் இருபது நிமிஷம் பேசுவது நம் ஊரில் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

இந்தக் கல்லூரியில் தாவரவியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு புது உத்தியோகம் தானாக வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டில் பூச்செடி வாடினாலும் "வாத்தியாரைக் கூப்பிடு" என்கிறார்கள். சம்பளம் ஒரு டம்ளர் காபி. அந்த உத்தியோகத்தில் கற்றதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். செடி தலை தொங்கி நிற்கும். பக்கத்திலேயே வீட்டுக்காரர் வாளியோடு நிற்பார். "காலையிலயும் ஊத்தினேன், சாயங்காலமும் ஊத்தினேன் சார். அப்படியும் வாடுது" என்பார். நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. 'அப்படியும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அதனால்தான்' என்று போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் விஷயம் அதுதான்.

இலை எதனால் நிமிர்ந்து நிற்கிறது? காற்றடித்த சைக்கிள் டியூப் விறைப்பாக இருக்கிறதல்லவா, அதைப்போல ஒவ்வொரு செல்லும் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால் விறைத்து நிற்கிறது. இலையில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். போகிற நீரை வேர் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்குத்தான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1727இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கைத் தராசில் நிறுத்தே காட்டினார். மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடி, பகல் 12 மணி நேரத்தில் சராசரியாக 20 அவுன்ஸ் நீரை வெளியே விட்டது. நம் அளவில் அரை லிட்டருக்கும் மேல். ஒரு சின்னச் செடிக்கு இவ்வளவு செலவு!

இந்தக் கணக்கில் துண்டு விழுந்தால் இலை தொங்கும். துண்டு விழுந்ததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் தொங்குவது ஒரே மாதிரிதான் தொங்கும். மண்ணில் தண்ணீர் இல்லாவிட்டாலும் தொங்கும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் தொங்கும். உப்பு ஏறினாலும், வேரைப் பூஞ்சையோ புழுவோ தின்றாலும் தொங்கும். நான்கு நோய்க்கும் ஒரே அறிகுறி. நம் கையில் இருப்பதோ ஒரே மருந்து, ஒரு வாளி தண்ணீர். சிக்கல் அங்கேதான்.

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்த ஒன்றை வைத்தே இதைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் காற்றால் அடித்தது. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் மரங்கள். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த நம் தாவரவியல் பூங்காவிலேயே பழைய மரங்கள் சாய்ந்து கிடந்தன. சேதம் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் புயல் வேறு ரகம். கரையைக் கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரியே சுமார் 130 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது ஒரே நாளில் கொட்டிவிட்டது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த மழையில் பூச்செடிகள் சாயவில்லை. நின்ற இடத்திலேயே நின்றன. தண்ணீர் வடிந்து, நாலைந்து நாள் கழித்து நல்ல வெயில் அடித்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. வெயிலையும் தொங்கிய இலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள், "பாவம், தாகம்" என்று தண்ணீர் ஊற்றினார்கள். ஏற்கெனவே மூழ்கிக் கிடந்தவனை மறுபடியும் கிணற்றில் தள்ளிய கதைதான்.

வேரும் நம்மைப்போல மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் காற்று இருக்க வேண்டும். அந்தச் சந்துகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் தீர்த்துவிடும். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது. சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி தண்ணீர் இல்லாமல் சாகும்.

ஆகவே நண்பர்களே, வாளியைத் தூக்கும் முன் விரலை நீட்டுங்கள். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மேல்மண் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே உலர்ந்து தூளாக இருந்தால் அது தாகம். ஜில்லென்று ஈரமாக இருந்து, விரலை மோந்து பார்த்தால் சாக்கடை வாடை வந்தால் அது மூழ்கல். தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். கனத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

விரலோடு கடிகாரத்தையும் பாருங்கள். பிற்பகல் 2 மணிக்குத் தொங்கி, சாயங்காலம் கடல்காற்று வந்ததும் நிமிர்ந்துகொண்டால் அந்தச் செடிக்கு ஒன்றுமில்லை. வெயில் நேரத்தில் செலவு கூடுகிறது, வேர் கொஞ்சம் பின்தங்குகிறது, அவ்வளவுதான். அதை மதியத் தூக்கம் என்று விட்டுவிடலாம். காலை 6 மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் நிஜமான வாட்டம்.

இனி வைத்தியம். முதலில் தாகம்.

கத்திரி வெயிலில் ஒரு வாரம் திருப்பதிக்கும் கொடைக்கானலுக்கும் போய்விட்டுத் திரும்பினால், தொட்டி மண் இறுகிப்போய், ஓரத்தில் விளிம்பை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அடியில் ஓடிவிடும். "தட்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு" என்று நாம் திருப்திப்படுவோம். நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டுகூடப் போயிருக்காது. தொட்டி மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் நீரைச் சீக்கிரம் ஏற்காது. அப்படிப்பட்ட தொட்டியை ஓர் அன்னக்கூடையில் வைத்து, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். மண்ணிலிருந்து குமிழி வருவது நின்று, மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடுங்கள். அரை மணி நேரம் போதும். மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் செலவைக் குறைத்தால்தான் குடும்பம் தேறும்.

அடுத்தது மூழ்கல். இதைச் சொல்லும்போது எங்கள் பகுதியில் உள்ள ஓர் அம்மாவின் குண்டுமல்லிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டு முன்புறம் இரண்டு குண்டுமல்லிப் புதர்கள். கணவர் வைத்தவை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. சித்திரையில் வரும் அவர் நினைவு நாளுக்கு அந்தச் செடிப் பூவைத்தான் படத்துக்குச் சாத்துவார். கடைப்பூ வாங்க மாட்டார். ஃபெஞ்சல் மழையில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு, "இலையெல்லாம் தொங்குது சார், நானும் விடாம ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று வந்து நின்றார். பக்கத்து வீட்டுப் பையன், "இதைப் பிடுங்கிப் போட்டுட்டு நர்சரியில வேற வாங்கிக்கலாமே பாட்டி" என்றான். அந்த அம்மா அவனைப் பார்த்த பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலையாக வாளியை உள்ளே வைக்கச் சொன்னேன். பிறகு செடியைச் சுற்றி வெள்ளம் படியவிட்டிருந்த வண்டலை வழித்து எடுத்தோம். வண்டல் நைசாக இருப்பதால் பூச்சுப் பூசியது மாதிரி மண்ணை மூடிவிடும், காற்று போகாது. தண்ணீர் வெளியே ஓட, செடியிலிருந்து தெருப்பக்கமாக ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். களைக்கொத்தியால் மேல்மண்ணை மட்டும், வேரில் படாமல், லேசாகக் கிளறிவிட்டோம். மேலே மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை வெட்டினோம். நொந்துபோன வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது. எப்படியும் குண்டுமல்லிக்கு வழக்கமான கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம்தான். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். ஆகவே அந்தச் செடி வெட்டை எதிர்பார்த்துத்தான் நின்றது.

அழுகல் பூஞ்சை பரவாமல் இருக்க, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, மண் ஓரளவு உலர்ந்த பிறகு, வேர்ப்பகுதி நனைய ஊற்றினோம். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை லிட்டருக்கு 10 கிராம் கலந்து ஊற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். தாமிரம் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எதை வாங்கினாலும் பொட்டலத்தில் உள்ள குறிப்பைப் படித்து, கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

பிறகு காத்திருந்தோம். இதுதான் கஷ்டமான வைத்தியம். விரல் விட்டுப் பார்த்து, உள்ளே உலர்ந்தால் மட்டும் தண்ணீர். உரம் கிடையாது. மூன்றாவது வாரம் மதில் ஓரத்தில் இருந்த செடியில், அடித்தண்டில், அரிசி முனை அளவுக்குத் துளிர் வந்தது. கேட் பக்கத்துச் செடியில் ஒன்றும் வரவில்லை. அது பள்ளமான இடம், தண்ணீர் அங்கே கூடுதலாக நின்றிருக்கிறது. தை முடியும்வரை பார்த்தோம். தண்டை நகத்தால் சுரண்டினால் நுனியிலிருந்து அடிவரை எல்லாம் காய்ந்த பழுப்பு. "போயிடுச்சும்மா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒண்ணாவது இருக்கே" என்றார். பிழைத்த செடி பங்குனியில் மொட்டு வைத்தது. சித்திரைக்குப் பூ இருந்தது. அதிலிருந்து பதியன் போட்டு, மேடான இடத்தில் இன்னொன்று வைத்திருக்கிறார்.

நகச் சோதனையை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தண்டின் மேல்தோலைத் துளி சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பச்சை இல்லாவிட்டால் கீழே கீழே வாருங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். இலை உதிர்ந்ததை மட்டும் வைத்துச் செடிக்கு இறப்புச் சான்றிதழ் எழுதாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

தொட்டிச் செடி மூழ்கியிருந்தால் வேலை சுலபம். முதலில் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள். மண்ணோடு செடியைக் கவிழ்த்து எடுங்கள். பழைய செய்தித்தாளில் ஓர் இரவு சுற்றி வைத்தால் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கறுத்து, இழுத்தால் தோல் கழன்று வரும் வேர்களைக் கத்தரியுங்கள். வெளுத்து உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து புதிதாக நடுங்கள். சின்னச் செடியானால், கண்ணாடிபோல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையைக் குல்லாய் மாதிரி கவிழ்த்து, நல்ல வெளிச்சமுள்ள நிழலில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே ஈரக்காற்று இருப்பதால் இலையின் செலவு குறையும். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும், ஜாக்கிரதை. முடிந்தால் மண் தொட்டியே வாங்குங்கள். அதன் சுவர் மூச்சு விடும். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூரை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பிளாஸ்டிக் தொட்டி தேடி அலைகிறோம்.

மூன்றாவது காரணம் உப்பு. இது கடலோர ஊரின் நோய்.

நம் அரசின் சின்னத்தில் இருக்கும் ஆயி மண்டபம் எதற்காகக் கட்டியது? முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. ஒரு ஊர் தண்ணீருக்கு மண்டபம் கட்டியது என்றால் நல்ல தண்ணீர் அதற்கு எவ்வளவு அருமையாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இன்று கடலோரப் பகுதிகளில் பல வீடுகளின் ஆழ்குழாய்க் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும். அந்த நீரைத் தினமும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். மண்ணில் உப்பு கூடினால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் வறட்சி.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்திருந்தால், தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். இங்கே மட்டும் தண்ணீர்தான் மருந்து, ஆனால் நல்ல தண்ணீர். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு மழைநீரையோ குழாய் நன்னீரையோ மெதுவாக ஊற்றி, அடி வழியாக முழுக்க வடியவிட்டால் உப்பு கரைந்து போகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதைச் செடிக்குக் கொடுங்கள்.

உரமும் ஒரு வகையில் உப்புத்தான். வாடிய செடிக்கு டி.ஏ.பி. போடுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பிரியாணி ஊட்டுவது மாதிரி. புதுத் துளிர் இரண்டு அங்குலம் வளர்ந்த பிறகு, கொஞ்சமாக மண்புழு உரத்தில் ஆரம்பியுங்கள்.

நான்காவது, நோய். ஈரமும் சரியாக இருக்கிறது, உப்பும் இல்லை, ஆனாலும் வாடுகிறதென்றால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். குண்டுமல்லியில் அங்கே வெள்ளை நூல்போலப் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சை. கனகாம்பரம் வாடினால் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வேரைத் துளைக்கும், அந்தக் காயம் வழியாக வாடல் பூஞ்சை நுழையும். இருவரும் கூட்டுக் களவாணிகள். முற்றிப்போன செடியை வேரோடு எடுத்துத் தூரப் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் மறுபடியும் கனகாம்பரம் வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கு இட்டு, ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வையுங்கள். அதன் வேரிலிருந்து வரும் ஒரு பொருள் நூற்புழுவுக்கு ஆகாது.

செம்பருத்தியின் நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. 2008இல் தமிழ்நாட்டில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. மருந்து அடித்து அடங்காத அதை, 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பரப்பிய ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் கட்டுப்படுத்தியது. ஆகவே கண்டபடி மருந்து அடித்து அந்த நண்பனைக் கொல்லாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மோசமான நுனிகளை வெட்டி எடுங்கள்.

செடிக்குச் செடி குணமும் வேறு. நம் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களில் வழியும் காகிதப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கிய செடி. அவருடைய உலகப் பயணத்தில், 1767இல், அவரோடு போன கொமர்சான் என்ற தாவரவியலாளர் பிரேசிலில் கண்டு சேகரித்தது. இந்தச் செடிக்குக் கொஞ்சம் தாகம் இருந்தால்தான் பூக்கவே மனசு வரும். தினமும் ஊற்றினால் இலையாகத் தள்ளும், மேலும் ஊற்றினால் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். ரோஜா ஒட்டுச்செடியில் வேறொரு ஏமாற்றம் உண்டு. வாடிய ரோஜாவில் தளதளவென்று ஒரு குருத்து வந்தால், அது ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே வந்ததா, கீழே வந்ததா என்று பாருங்கள். கீழே வந்திருந்தால் பிழைத்தது உங்கள் ரோஜா ஆகாது, அடியில் இருக்கும் காட்டு ரோஜா. அதைக் கிள்ளிவிட்டு மேலே வருவதற்குக் காத்திருங்கள்.

நேற்று இங்கே ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி என்னிடம், "சார், புதுச்செடி மலிவாக் கிடைக்குதே, இவ்வளவு பாடு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பதில் சொன்னேன். ஒன்று, காரணம் தெரியாமல் மாற்றினால் புதுச்செடியும் அதே குழியில் அதே மாதிரி சாகும். இரண்டாவது, சில செடிகள் நர்சரியில் கிடைக்காது. அந்த அம்மாவின் குண்டுமல்லி எந்த நர்சரியில் இருக்கிறது?

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். வள்ளல் தன்மைக்கு உதாரணமாகவே சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்றும் படுகிறது. பாரி அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகவில்லை. அதற்கு என்ன குறை என்று நின்று பார்த்தான். படரக் கொம்பில்லை என்று தெரிந்தது. அதைக் கொடுத்தான். தேர் கொடுக்க நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். நின்று பார்க்க வசதி வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை நம் ஊரில் வெள்ள மாதங்கள். அடுத்த மழை வரும் முன், தாவரவியல் மாணவர்கள் நம் கல்லூரித் தோட்டத்தில் எந்தெந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு படம் வரைந்து, அங்கே வாய்க்கால் வெட்டி வையுங்கள். மழை நின்ற வாரத்தில், சுற்றுப்பட்ட வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போய்ச் செடிகளைப் பாருங்கள். எந்தச் செடி, எத்தனை நாள் தண்ணீரில் நின்றது, எப்போது வாடியது, பிழைத்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து வருஷம் எழுதினால் நம் ஊர் மண்ணுக்கென்றே ஒரு கையேடு கிடைக்கும். சந்தேகம் வந்தால் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். பிரெஞ்சு நிறுவனத்தின் உலர் தாவரத் தொகுப்பையும் அனுமதி பெற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். செடியை வேண்டுமென்றே வாடவைத்துப் பாதுகாக்கும் இடம் அது ஒன்றுதான்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினால் தோட்டத்தைக் காட்டுங்கள். காபி கொடுங்கள். நாளைக் காலையில் வீட்டில் ஏதாவது செடி தலை தொங்கி நின்றால், பூவாளியைக் கீழே வைத்துவிட்டு முதலில் விரலை மண்ணில் விடுங்கள்.